நட்சத்திரங்கள் பகலில் வரையப்பட்டன

வான்கோவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பதிவுகளுக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு. முதல் வரியில் காது. இரண்டாம் வரியில் மனநலக் காப்பகம். மூன்றாம் வரியில் கம்பி போட்ட ஜன்னல். அந்த ஜன்னல் வழியே தெரிந்த வானத்தை அவருடைய பித்து சுழல் சுழலாக மாற்றிவிட்டது என்று அடுத்து ஒரு பரவசம். வலி இல்லாமல் கலை இல்லை என்று முத்தாய்ப்பு. கூடவே ‘விண்மீன் இரவு’ படம். லைக்குகளுக்குக் குறைவிருக்காது.

சில வருடங்களுக்கு முன்பு, ப்ரொஜெக்டர் வைத்து நான்கு சுவரிலும் தரையிலும் வான்கோவை ஓடவிடும் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். படுத்துக்கொண்டே பார்க்கலாம். வானம் சுழல ஆரம்பித்ததும் பின்னணி இசை கனத்தது. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த பையன் தன் தோழியிடம் சொன்னான்: “அந்தாளுக்கு மட்டும் மாத்திரை குடுத்து சரி பண்ணியிருந்தா இதெல்லாம் நமக்குக் கெடச்சிருக்குமா?”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வி மேல் தீராத கோபம் இருக்கிறது. ஏதோ ஆழமான சிந்தனை மாதிரி நம் இலக்கியக் கூட்டங்களிலும், டீக்கடைப் பேச்சிலும், ரீல்ஸிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் நோயில் கிடக்க வேண்டும், நமக்கு ஃபோன் கவர் வேண்டும். அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பொருள் கிடையாது. அறத்தை விடுங்க, தகவலாகவே அது தப்பு என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நான் மென்பொருள் ஆள். நடுராத்திரி ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்தால் அழைப்பில் இருக்கும் பத்துப் பேரிடமும் பத்து தியரி இருக்கும். தியரியை ஓரம் வைத்துவிட்டு லாகைத் திற, எது எத்தனை மணிக்கு நடந்தது என்று பார் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். வான்கோ விஷயத்தில் நமக்கு அபூர்வமான லாக் கிடைத்திருக்கிறது. அவர் எழுதிய கடிதங்களில் எண்ணூற்றுக்கும் மேல் பிழைத்திருக்கின்றன, பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. ஆம்ஸ்டர்டாமின் வான்கோ மியூசியம் பங்கேற்று எல்லாவற்றையும் குறிப்புகளோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்தப் படத்தை எப்போது தொடங்கினார், எந்த நிறம் தீர்ந்துபோனது, எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு பத்தி போட்டு ஒரு பக்கம் நோயின் தேதிகளையும் மறுபக்கம் படங்களின் தேதிகளையும் எழுதிப் பாருங்கள்.

1889 மே 8 அன்று தெற்கு பிரான்ஸின் சான் ரெமி ஊருக்கு வெளியே, சான் பால் த மௌசோல் என்ற பழைய மடாலயத்தில் இயங்கிய காப்பகத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். யாரும் இழுத்துவந்து அடைக்கவில்லை. ஆர்ல் நகரில் 1888 டிசம்பரில் காதை அறுத்துக்கொண்ட பிறகு வந்த மாதங்களில், இவரை வெளியே விடாதீர்கள் என்று அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். தனியாக வாழும் தைரியம் தனக்கு இப்போதைக்கு இல்லை என்று அவரே முடிவெடுத்து வந்தார். 1890 மே 16 அன்று கிளம்பிப் போனார். ஏறத்தாழ ஒரு வருடமும் ஒரு வாரமும். சுமார் 150 ஓவியங்கள். கோட்டோவியங்கள் தனி.

இந்த ஒரு வருடத்தில் நான்கு முறை நோய் அடித்துப் போட்டது. முதலாவது 1889 ஜூலை நடுவில். ஒரு கல்குவாரியின் முன்னால், காற்றடிக்கும் நாளில் வரைந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பித்து, ஐந்து வாரத்துக்கு மேல் நீடித்தது. இரண்டாவது கிறிஸ்துமஸை ஒட்டி, ஒரு வாரம். மூன்றாவது ஜனவரியில், இன்னொரு வாரம். நான்காவதுதான் கொடூரம். 1890 பிப்ரவரி 22 வாக்கில் தொடங்கி ஏப்ரல் கடைசிவரை இரண்டு மாதம். கூட்டினால் மூன்று மாதத்துக்கு மேல்.

‘விண்மீன் இரவு’ எப்போது? 1889 ஜூன் 18 வாக்கில், நட்சத்திர வானம் ஒன்று புதிதாகச் செய்திருக்கிறேன் என்று தியோவுக்கு எழுதுகிறார். அதாவது ஆர்ல் நகரின் கடைசித் தாக்குதலிலிருந்து தேறி, சான் ரெமியின் முதல் தாக்குதலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு. ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கி, தினமும் வேலை பார்த்த மாதம் அது. அந்தப் படத்தின் ஒளிச் சுழல்களில் திரவக் கொந்தளிப்பின் கணிதம் இருக்கிறது, மனக்கொந்தளிப்பில் இருந்தபோது அவருக்கு அது பிடிபட்டது என்று சொல்லும் ஆய்வு ஒன்றும், அதைப் பரப்பிய அனிமேஷன் வீடியோவும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கணிதத்தைப் பற்றி இயற்பியல்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். மனக்கொந்தளிப்பு என்ற பகுதிக்கு டைம்ஸ்டாம்ப் ஒத்துவரவில்லை. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் தப்பான லாகை வைத்து ஆர்சிஏ எழுதுவது.

அந்தப் படத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். விடிவதற்கு முன் ஜன்னலில் தெரிந்த நாட்டுப்புறத்தையும், ரொம்பப் பெரிதாகத் தெரிந்த விடிவெள்ளியையும் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார், ஆகவே பார்வை நிஜம். ஆனால் படுக்கையறையில் அவர் எண்ணெய் ஓவியம் வரையவில்லை. ஸ்டூடியோ வேறு அறை, தரைத்தளத்தில். வானத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே வந்து பகலில் வரைந்த படம் அது. ஊர் அந்த ஜன்னலில் தெரியாது, வேறு இடத்தில் போட்ட ஸ்கெட்ச்சிலிருந்து கொண்டுவந்து ஒட்டினார். தேவாலயத்தின் ஊசிக் கோபுரம் பிரான்ஸின் தெற்கைவிட அவர் பிறந்த ஹாலந்தைத்தான் ஞாபகப்படுத்துகிறது. அன்றைக்கு நிஜமான நிலா பிறையாக இல்லை, பாதிக்கும் மேல் நிறைந்திருந்தது. சைப்ரஸ் மரத்தைத் தனக்குத் தேவையான இடத்துக்கு இழுத்துக்கொண்டார்.

ஏன் இத்தனை மாற்றம்? ஆர்ல் நகரில் கோகனோடு ஒரே வீட்டில் இருந்தபோது நடந்த விவாதத்தின் தொடர்ச்சி இது. கண்முன் இருப்பதை வரைய வேண்டுமா, நினைவிலிருந்து வரைய வேண்டுமா? கோகனும் எமில் பெர்னாரும் நினைவின் கட்சி. வின்சென்ட்டுக்கு எதிரே மரம் இருக்க வேண்டும், வயல் இருக்க வேண்டும். ‘விண்மீன் இரவு’ அவர் எதிர்க்கட்சியின் முறையில் செய்துபார்த்த பரிசோதனை. பரிசோதனை தோற்றதென்றே அவர் நினைத்தார். செப்டம்பரில் தியோவுக்குப் படங்கள் அனுப்பும்போது, அஞ்சல் செலவு மிச்சமாகட்டும் என்று மூன்றை நிறுத்திவைத்தார், அதில் இதுவும் ஒன்று. நவம்பரில் பெர்னாருக்கு எழுதும்போது, மறுபடியும் அளவுக்கு மீறிப் பெரிய நட்சத்திரங்களுக்கு ஆசைப்பட்டுத் தோற்றேன், போதும் என்கிற மாதிரி அலுத்துக்கொள்கிறார். தியோவுக்கும் இந்தத் திசை ஒப்பவில்லை. பாணியைத் தேடிப்போவதில் பொருள்களின் உண்மையான உணர்வு போய்விடுகிறது என்று கவலைப்பட்டார். அண்ணன் தம்பி இருவரும் தவறாக மதிப்பிட்டார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள், இது தன் படத்தை எதிரில் வைத்து விமர்சிக்கும் ஒரு தொழிலாளியின் பேச்சு. பித்தேறிய தரிசனத்தை யாரும் இப்படி ரிவ்யூ செய்வதில்லை.

நோயின்போது அவர் எதுவுமே வரையவில்லையா? வரைந்தார். கடைசித் தாக்குதலின் நடுவே, நினைவிலிருந்து, வடக்கின் குடிசைகளையும் வயல்களையும் கொஞ்சம் வரைந்ததாக அவரே சொல்கிறார். தேடிப் பாருங்கள். கைநடுக்கமும் ஏக்கமும் கலந்த சின்னச் சின்னப் படங்கள். எனக்கு அவற்றின் மேல் ஒரு பிரியமுண்டு. ஆனால் அவற்றில் எது உங்கள் டீ ஷர்ட்டில் இருக்கிறது?

நோயின் உச்சத்தில் நடந்தது வேறு. வண்ணக் குழாய்களைப் பிதுக்கித் தின்னப் பார்த்தார். அது விஷம். அதனால் காப்பகத்தின் மருத்துவர் பெய்ரோன் அவரை ஸ்டூடியோவுக்குள் விடவில்லை. முன்பு கடற்படை மருத்துவராக இருந்தவர், வின்சென்ட்டின் நோயை ஒருவகை வலிப்பு என்று கணித்தவர். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, நானாக இருந்தாலும் பூட்டியிருப்பேன். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் எழுந்து உட்கார்ந்ததும் வின்சென்ட் எழுதிய கடிதங்களில் முதல் வேண்டுதலே, என்னை மறுபடி வரையவிடச் சொல்லுங்கள் என்பதுதான். வேலையில்லாமல் கிடப்பதுதான் தாங்கவில்லை, வேலைதான் தனக்கு மருந்து என்று வாதாடுகிறார். வலி கலையைத் தருகிறது என்று நாம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சம்பந்தப்பட்ட ஆள் நேர்தலைகீழாகச் சொல்கிறார்.

அனுமதி கிடைத்ததும் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வெளியே போகப் பயம். சில வாரங்கள் அறையைவிட்டே நகரவில்லை. மாடலுக்கு ஆள் கிடையாது. கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தையே வரைந்தார். காப்பகத்தின் தலைமைக் காவலர் த்ரபுக்கை உட்காரவைத்து வரைந்தார். மார்செய் மருத்துவமனையில் இரண்டு காலரா கொள்ளைநோய்களைப் பார்த்த மனிதர் அவர், அந்த முகத்தில் அது தெரியும். பிறகு தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளை எதிரில் ஒட்டிவைத்துக்கொண்டு வண்ணத்தில் வரைய ஆரம்பித்தார். மில்லேயின் உழவர்கள், தெலக்ருவாவின் மேரி மாதா, ரெம்ப்ராண்டின் லாசரஸ். மில்லே மட்டுமே இருபதுக்கும் மேல். காப்பியடிக்கிறேன் என்று அவர் கூசவில்லை. ஒருவர் எழுதிய இசையை இன்னொருவர் வாசிப்பதில்லையா, அப்படித்தான் என்று விளக்கம் சொன்னார். நம்மூரில் வித்வான்கள் தினமும் செய்வதுதானே! உடம்பு உடைந்த பாடகர் முதலில் உட்கார்ந்து சரளி வரிசை பாடிப் பார்ப்பதைப் போல, அவர் மில்லேயைப் பாடிப் பார்த்தார். கை திரும்ப வந்தது.

இந்த 150 படத்துக்குப் பின்னால் உள்ள ஏற்பாட்டைப் பற்றி டெம்ப்ளேட் பேசாது, ஏனென்றால் ஏற்பாட்டில் கவர்ச்சி இல்லை. தியோ கட்டணம் கட்டினார், மூன்றாம் வகுப்பு. சேர்க்கும் முன் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் அண்ணன் வெளியே போய் வரைய அனுமதி வேண்டும் என்று கேட்டார், சாப்பாட்டோடு அரை லிட்டர் வைனும் கேட்டார். காப்பகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் காலியாகக் கிடந்தன. அதில் ஒன்று ஸ்டூடியோவானது. துணையோடு போவதென்றால் வயலுக்கும் ஒலிவத் தோப்புக்கும் போகலாம். பாரீஸிலிருந்து கேன்வாஸும் குழாய்களும் பார்சலில் வந்தன. துத்தநாக வெள்ளை இத்தனை, கோபால்ட் இத்தனை என்று கடிதத்துக்குக் கடிதம் மளிகைக்கடைச் சிட்டை மாதிரி பட்டியல். வாரம் இரண்டு முறை, இரண்டு மணிநேரம் தொட்டிக் குளியல், அன்றைய சிகிச்சை என்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாதுகாப்பான கூரை, வேலைக்கு ஓர் அறை, தடைபடாத சப்ளை, நம்பும் ஓர் ஆள். இந்த நான்கையும் எடுத்துவிட்டு நோயை மட்டும் அவரிடம் விட்டுவையுங்கள். எத்தனை படம் வரும்?

இதற்குப் பதில் யூகமாகச் சொல்ல வேண்டியதில்லை, அதே கட்டடத்திலேயே இருந்தது. அங்கே மற்ற நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி வின்சென்ட் எழுதியிருப்பதை வாசித்தால் நெஞ்சு கனக்கும். நாள் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லை. படிக்கப் புத்தகமில்லை. கொஞ்சம் பந்து உருட்டலாம், சதுரங்கப் பலகையில் காய் நகர்த்தலாம், அவ்வளவுதான். கொண்டைக்கடலை, அவரை, பயறு என்று தின்று செரிப்பதே முழுநேர வேலை. சாப்பாட்டில் லேசான பூஞ்சை வாடை, கரப்பான் ஓடும் பாரீஸ் உணவகம் ஞாபகம் வருகிறது என்கிறார். ஒருவருக்கு நோய் முற்றினால் மற்றவர்கள் ஓடிவந்து பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் எழுதுகிறார். தோட்டத்தில் அவர் வரைவதை வேடிக்கை பார்க்கும்போதும் ஆர்ல் நகரத்து நல்ல குடிமக்களைவிட இவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களாம். அவர்களுக்கும் நோய் இருந்தது. ஜன்னலில் அதே கம்பிதான், விடிகாலையில் அதே வெள்ளிதான். அவர்களில் ஒருவருடைய படத்தைக்கூட நாம் பார்த்ததில்லை.

இன்னும் நெருங்கிப் போகலாம், அதே ரத்தம். வின்சென்ட்டின் தங்கை வில். படித்தவர், இலக்கிய வாசகி, அண்ணன் தன் நிறங்களைப் பற்றி மனம்விட்டு எழுதிய கடிதங்களில் பல இவருக்கு வந்தவை. 1898இல் ஹேக் நகரில் நடந்த பெண்களின் உழைப்பைப் பற்றிய தேசியக் கண்காட்சிக்காக வேலை செய்தவர். 1902இல் அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 1941இல் அங்கேயே இறந்தார். முப்பத்தெட்டு வருடம்! அண்ணன் இருந்தது ஒரு வருடம். பித்துதான் ஊற்று, காப்பகம்தான் பட்டறை என்றால், இந்தக் கணக்கில் வில் எத்தனை ஆயிரம் படைப்புகளைத் தந்திருக்க வேண்டும்? அவர் பெரும்பாலும் பேசாமலே இருந்தார். அவரை வைத்து யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. தியோவும் அண்ணன் இறந்த சில மாதங்களில் மனம் சிதைந்து, 1891 ஜனவரியில் யுட்ரெக்ட் நகரின் காப்பகத்தில் இறந்தார். அதுவும் யாருக்கும் கவித்துவமாகப் படுவதில்லை. படம் வந்தால்தான் நமக்குப் பித்து அழகு. வராவிட்டால் அது வெறும் பைத்தியம், கேட்டைப் பூட்டு.

இந்தக் கட்டுக்கதை பின்னாளில் ஹாலிவுட் கட்டியது என்று நினைத்திருந்தால், இல்லை. அவர் காப்பகத்தில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. 1890 ஜனவரியில் ஆல்பெர் ஓரியே என்ற இளம் விமர்சகர் பாரீஸ் பத்திரிகை ஒன்றில் வான்கோவைப் பற்றி முதல் பெரிய கட்டுரையை எழுதினார். உலகத்தோடு ஒட்டாத, கொதிக்கும் மூளைக்காரராக அவரைக் கொண்டாடினார். அந்தக் கட்டுரை வின்சென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தக் கலைஞனும் துள்ளிக் குதிப்பான். இவர் ஓரியேவுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், இந்தப் புகழ் எனக்கு முன்னால் மோந்திசெல்லிக்கும் கோகனுக்கும் சேர வேண்டியது, என் பங்கு அவர்களுக்குப் பின்னால்தான் என்று பொறுமையாகத் திருத்துகிறார். நான் தனி ஆள் இல்லை, ஒரு மரபில் வருகிறேன் என்பதுதான் அதன் சாரம். ஏப்ரல் கடைசியில் நோயிலிருந்து எழுந்த பிறகு தியோவிடம், அந்த ஓரியேவிடம் சொல்லி இனி என்னைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள் என்கிறார். இன்னமும் நாம் கேட்கவில்லை. 130 வருடங்களுக்கு மேலாக ஓரியேவின் கட்டுரையையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கதைதானே, போகட்டுமே என்று விடாததற்குக் காரணமிருக்கிறது. எனக்கு ஒரு நண்பன், என் வயதுக்காரன். பகலில் யூஐ டிசைன், இரவில் ஓவியம். இருமுனைக் கோளாறு, லித்தியம் மாத்திரை. மாத்திரையால் கையில் மெல்லிய நடுக்கம் வரும். ஓவியனுக்குக் கை நடுங்குவது சின்ன விஷயமில்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓர் இலக்கியச் சந்திப்பின் இரவில், கையில் கிளாஸோடு இருந்த மூத்தவர் ஒருவர் அவனிடம், “மாத்திரைய விட்டுடு தம்பி. இல்லன்னா கிளார்க் ஆயிடுவே. வான்கோ மாத்திரையா போட்டான்?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் விட்டுவிட்டான். அடுத்த மூன்று வாரத்தில் பதினோரு கேன்வாஸ், தூக்கம் கிடையாது, விடிய விடிய ஃபோன். நான்காவது வாரம் அவன் அப்பாவும் நானும் அவனை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவன் மறுபடி தூரிகையைத் தொட எட்டு மாதம் ஆனது. தொட்டதும் செய்த முதல் வேலை, அந்தப் பதினோரு கேன்வாஸ்களில் ஒன்பதின் மேல் வெள்ளை அடித்துப் புதுசாக்கிக்கொண்டது. “நல்லா இல்லடா, கேன்வாஸாவது மிச்சமாகட்டும்” என்றான். நடுக்கத்துக்கு வழி இருந்தது. மருத்துவரிடம் அதைச் சொன்னான், ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்து டோஸைக் குறைத்தார், நடுக்கம் பெருமளவு அடங்கியது. கிளாஸ் வைத்திருந்தவர் மருத்துவமனைப் பக்கம் வரவேயில்லை.

‘ஆனால் கலைஞர்களுக்கும் மனநிலைக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வே இருக்கிறதே?’ இருக்கிறது. இதற்கு எல்லோரும் தூக்கிக் காட்டும் புத்தகத்தை 1993இல் எழுதியவர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்ற உளவியலாளர். அவருக்கே இருமுனைக் கோளாறு உண்டு. லித்தியம்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியவர். அவர் பெயரைச் சொல்லி மாத்திரையை விடச் சொல்பவர்கள் அட்டையைத் தாண்டிப் படித்திருக்க மாட்டார்கள்.

காப்பகத்தில் இருந்துகொண்டு வரைந்தவர்களில் யாரைக் கூர்ந்து பார்த்தாலும் எனக்குத் தட்டுப்படுவது வெறி இல்லை, நேரம் தவறாத உழைப்புதான். தந்தையைக் கொன்றுவிட்டு லண்டனின் பெத்லெம் காப்பகத்தில் அடைபட்ட ரிச்சர்ட் டாட், ஒரே சிறிய கேன்வாஸில் புல்லிதழ் புல்லிதழாக ஒன்பது வருடம் வேலை பார்த்தார். யாயோய் குசாமா 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தானாக விரும்பித் தங்கினார், பக்கத்திலிருக்கும் ஸ்டூடியோவுக்குத் தினமும் போய் வேலை செய்துவிட்டுத் திரும்பும் வாழ்க்கை. ஐடி கம்பெனிக்காரன் கேப் பிடித்துப் போய்வருவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

துயரத்துக்கும் வான்கோவின் கலைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குஸ்தாவ் டோரேயின் சிறைப் படத்தைத் தன் வண்ணத்தில் திரும்ப வரைந்தபோது, உயர்ந்த சுவர்களுக்கு நடுவே வட்டமாக நடக்கும் அந்தக் கைதிகளைப் பற்றி வெளியிலிருக்கும் நமக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. துயரம் அவருக்குப் பொருள் கொடுத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருளை வைத்துப் படம் பண்ணுவதற்குத் தெளிந்த தலையும் நடுங்காத கையும் வேண்டும், அவை அவருக்குக் கிடைத்த நாட்களில்தான் படம் வந்தது.

மாத்திரை குடுத்து சரி பண்ணியிருந்தா? சரி, பண்ணியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்றே பார்ப்போம். 1890 ஜனவரி 31 அன்று தியோவுக்கு மகன் பிறந்தான். பெரியப்பா பெயரையே வைத்தார்கள், வின்சென்ட் வில்லெம். பெரியப்பா உடனே குழந்தைக்காக ஒரு படம் வரைய உட்கார்ந்தார். நீல வானத்தில் பூத்த வாதுமைக் கிளைகள். அந்தப் பகுதியில் வாதுமை பிப்ரவரியிலேயே பூத்துவிடும், இலை வருவதற்கு முன்பே. படத்தைப் பாருங்கள், சுழல் இல்லை, கொந்தளிப்பு இல்லை. ஒவ்வொரு கிளையும் நிதானமாக, உறுதியான கோட்டில் போகிறது. தான் செய்தவற்றிலேயே மிகுந்த பொறுமையோடு செய்தது இதுவாகத்தான் இருக்கும், தூரிகை அமைதியாகவும் உறுதியாகவும் ஓடியது என்று பிறகு அவரே எழுதினார். அடுத்த நாள் விழுந்தார். இரண்டு மாதம்.

அவர் திட்டம் ஒரே ஒரு கிளையோடு நிற்பதல்ல. இரண்டு வருடம் முன்பு ஆர்ல் நகரில் பூக்காலம் முழுக்கப் பழத்தோட்டம் பழத்தோட்டமாக அலைந்து வரிசையாக வரைந்தவர் அவர். இந்த வருடமும் வாதுமைக்குப் பின்னால் மற்ற மரங்கள் பூக்கும், எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்றிருந்தார். ஏப்ரல் கடைசியில் எழுந்து பார்த்தபோது பூ ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. தனக்கு உண்மையிலேயே அதிர்ஷ்டமில்லை என்று தியோவிடம் புலம்புகிறார். அந்த வசந்தத்தின் ஓவியங்கள் எந்த மியூசியத்திலும் கிடையாது. அடுத்த வசந்தத்துக்கு அவர் இல்லை, ஜூலை 29 அன்று இறந்துவிட்டார், வயது 37.

மே மாதம் கிளம்புவதற்கு முந்தைய நாட்களில், மூட்டை கட்டிக்கொண்டே, பூச்சாடிகளில் ஐரிஸும் ரோஜாவுமாகப் பெரிய கேன்வாஸ்களை அடுத்தடுத்து முடித்தார். வண்ணம் காயாததால் சிலவற்றைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது, பின்னால் அனுப்பிவைத்தார்கள். அந்த ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. அவர் வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு. அவர் வாங்கிய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் ரகம். வெளுக்கும் என்று அவருக்கும் தெரியும்.